மதினிக்கு எந்த ஊர்

கார் தெருவைத் தாண்டும் முன்பே சொல்லியிருக்கலாம். பெரிய ரோட்டில் ஏறிய பிறகும் சொல்லியிருக்கலாம். இப்பவும் ஒன்றும் முழுகிப்போகவில்லை, சிக்காகோ போய்ச் சேர ரெண்டு மணி நேரம் கிடக்கிறது, ரெண்டு மணி நேரத்தில் ஒரு கல்யாணத்தையே பேசி முடித்துவிடலாம் என்று தன்னைத் தேற்றிக்கொண்டு பின்சீட்டில் இருந்த பிச்சம்மாள் வாயைத் திறந்தாள். அந்த நேரம் பார்த்து, ஓட்டிக்கொண்டிருந்த மகன் கதிரேசன் கண்ணாடியில் அவளைப் பார்த்து, "பெல்ட் போட்டியாம்மா?" என்றான். "போட்டுட்டேன்யா." திறந்த வாய் அந்தப் பதிலோடு மூடிக்கொண்டது. முன்சீட்டில் மார்லீன் காலடியில் இருந்த கைப்பையை எடுத்து, பாஸ்போர்ட் இருக்கிறதா என்று மறுபடியும் பார்த்தாள். பார்த்துவிட்டுத் தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள். எழுபத்து நாலு வயதில் முதல் தடவையாக விமானம் ஏறுகிறவளுக்கு அப்படித்தான் இருக்கும், பிச்சம்மாளும் போன வருஷம் மதுரையிலிருந்து கிளம்பும்போது இடுப்பில் சொருகிய பையைத் தொட்டுத் தொட்டுத்தான் வந்தாள். மார்லீன் மருமகள் ஹெய்டியின் அம்மா. ஹெய்டிக்கு இன்று ஆஸ்பத்திரியில் டூட்டி, வழியனுப்ப வர முடியவில்லை, அதனால்தான் பிச்சம்மாளைக் காரில் ஏற்றியது. கோவில்பட்டிப் பக்கம் சம்பந்திப் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி மதினி என்றுதான் கூப்பிடுவார்கள். வந்த முதல் நாளே பிச்சம்மாள் வாயிலிருந்து மதினி என்று வந்துவிட்டது, அதை ஏதோ செல்லப் பெயர் என்று எடுத்துக்கொண்டு மார்லீனும் அதற்குத் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டாள். பதிலுக்கு அவள் வைத்த பெயர் பிச்சா. அவள் பாஸ்போர்ட்டைப் பையில் வைக்கக் குனிந்தபோது சட்டை முதுகில் அச்சடித்திருந்த எழுத்து தெரிந்தது. ரோட்டன்ஹைம். கீழே 1871. பிச்சம்மாள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். ஜன்னலில் அறுத்து முடித்த மக்காச்சோளக் கொல்லை ஓடிக்கொண்டிருந்தது, தட்டையெல்லாம் சாய்த்துவிட்டு அடிக்கட்டை மட்டும் நிற்கிற கொல்லை, அதைப் பார்த்தால் நம்மூர்ப் பக்கம் மாதிரிதான் இருக்கிறது, ஆனால் ஒரு ஆள் இல்லை, ஒரு ஆடு இல்லை. அந்தச் சட்டை அறுபத்திரண்டு அடித்தார்கள். ஜூலையில் மார்லீனின் சொந்தக்காரர்கள் எல்லாரும் ஒரு பூங்காவில் கூடினார்கள், வருஷா வருஷம் கூடுவார்களாம், கறியைச் சுட்டுத் தின்றுவிட்டுப் பேசிக்கொண்டிருப்பார்கள், இந்த வருஷம் பூர்வீக ஊர் தெரிந்துவிட்டது என்று ஊர்ப் பெயரைப் போட்டு எல்லாருக்கும் சட்டை, கைப்பிள்ளைக்குக்கூட. பிச்சம்மாளுக்கும் ஒன்று. கண்டுபிடித்தவள் அவள்தானே. அவளைப் புல்லில் நிறுத்திக் கைதட்டினார்கள். யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் அவள் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தக் கைதட்டல் இப்போது காதில் தகரக் கூரையில் மழை பெய்வது மாதிரி கேட்கிறது.

தப்பு. ஊர் தப்பு. ரோட்டன்ஹைம் இல்லை, வைடன்பாக். காலையில் உப்புமா கிண்டி இறக்கி வைத்துவிட்டு, கதிரேசன் குளித்து வருவதற்குள் ஒரு தரம் பார்த்துவிடுவோம் என்று டேப்லெட்டை எடுத்தவள், பார்த்த பிறகு உப்புமாவை வாயில் வைக்கவில்லை. பார்த்திருக்கவே வேண்டாம். இல்லை, சட்டை அடிக்கிறதுக்கு முன்னால் பார்த்திருக்க வேண்டும். யார் இவளை இந்த வேலையைப் பார்க்கச் சொன்னது? யாரும் சொல்லவில்லை. வந்த புதிதில் வெளியே பனி கொட்டிக் கிடந்தது, கதவைத் திறந்தால் மூக்கு மரத்துப்போகிறது, டிவியில் வருகிறவர்கள் பேசுவது புரியவில்லை, மகனும் மருமகளும் காலையில் போனால் இருட்டிய பிறகு வருவார்கள். மார்லீன்தான் வாரத்தில் ரெண்டு நாள் வந்து துணைக்கு இருப்பாள். அவள் பாட்டுக்கு ஒரு டேப்லெட்டை வைத்துக்கொண்டு பெருமூச்சு விடுவாள். என்ன தேடுகிறாள் என்று கதிரேசன்தான் சொன்னான். அவளுடைய பாட்டியின் அம்மா கத்தரீனா வீகாண்ட், 1871-ல், பதினேழு வயதில் தன்னந்தனியாக ஜெர்மனியிலிருந்து கப்பலேறி வந்து, இங்கே ஒரு மாட்டுப் பண்ணையில் பால் கறந்து, ஒருத்தனைக் கட்டி, இத்தனை பேரைப் பெருக்கிவிட்டுச் செத்துப்போனவள். கல்லறை பக்கத்து ஊரில் இருக்கிறது. கல்லில் பிறந்த தேதி இருக்கிறது, 1854 மார்ச் மூணு. எந்த ஊரில் பிறந்தாள் என்று இல்லை. வந்த ஊரைப் பற்றி அவள் பிள்ளைகளிடம்கூட வாயைத் திறக்கவில்லையாம். ஏன் திறக்கவில்லை? ஊரை விட்டு ஓடி வந்தவளா, விரட்டப்பட்டவளா, பேசினால் அழுகை வரும் என்று அடக்கினவளா, எதுவென்று மார்லீனுக்குத் தெரியவில்லை, இருபது வருஷமாகத் தேடுகிறாள். ஜெர்மனியில் கோயில் கோயிலாக, பிறந்த பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்ததை எழுதி வைத்திருக்கிறார்கள், அதையெல்லாம் படம் எடுத்துப் போட்டிருக்கிறார்கள், ஆனால் அந்தப் பழைய கையெழுத்து ஜெர்மன்காரர்களுக்கே இப்போது பிடிபடாதாம். வரிசையாக வேலிக்கம்பு நட்டது மாதிரி கோடு கோடாக இருக்கும். ஒன்பதாவதோடு நின்ற பிச்சம்மாளுக்கு இங்கிலீஷ் எழுத்துத் தெரியும், அவ்வளவுதான். எல்லாமே தெரியாத பாஷை என்கிறபோது அவளுக்குக் கையெழுத்து ஒரு கஷ்டமாகத் தெரியவில்லை. வீகாண்ட் என்ற பெயர் எப்படி வளைந்து எப்படி முடிகிறது என்று அந்த உருவத்தை மட்டும் மனதில் பிடித்துக்கொண்டு பக்கம் பக்கமாகத் தள்ளினாள். முப்பது வருஷம் சத்துணவுக் கூடத்தில் அரிசியில் கல் பொறுக்கின கண். முறத்தில் பரப்பினால் அரிசி தெரியாது, கல் மட்டும் தெரியும். மார்லீன் பக்கத்தில் உட்கார்ந்து, "பிச்சா, அங்கே! அங்கே!" என்பாள், அநேகமாக அது வேறு யாராவதாக இருக்கும். பிச்சம்மாள் தலையை ஆட்டுவாள். இப்படியே ஒரு பனிக்காலம் போனது, போகப் போக மற்றப் பெயர்களும் அவளுக்குப் பிடிபட்டுவிட்டன. யாரோ ஒரு ஊரில் எவனோ ஒருத்தனுக்குப் பிள்ளை பிறந்ததற்கு ரெண்டு கிழவிகள் சோபாவில் உட்கார்ந்து பூரித்துப்போகிறார்கள் என்று ஹெய்டி சிரிப்பாள்.

கார் ஒரு லாரியைத் தாண்டியது, பக்கவாட்டில் பன்றிகள் நெருக்கியடித்து நின்ற லாரி. ஒரு மூக்கு கம்பிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. இப்போது சொல்லலாமா? மார்லீன் கதிரேசனிடம் என்னவோ கதை சொல்லிக்கொண்டிருக்கிறாள், கேக் என்ற சொல் வருகிறது, ரோட்டன்ஹைம் வருகிறது, அந்த ஊர் வீகாண்ட் வீட்டுக் கிழவர் ஸ்டேஷனுக்கு வந்து பெயர் எழுதின அட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்பாராம், கோயில் மண்டபத்தில் காப்பி போட்டு ஆறு விதமான கேக் வைத்து முப்பது பேர் காத்திருப்பார்களாம். போன வாரம் சொன்னதுதான். அந்த முப்பது பேரும் இவளைக் கட்டிப்பிடிப்பார்கள். இவள் அழுவாள். மூக்கு உங்கள் மாதிரி இருக்கிறது, கன்னம் எங்கள் மாதிரி இருக்கிறது என்பார்கள். ஒரு ஒட்டும் இல்லாத உறவும் இல்லாத ஜனம். பிச்சம்மாளுடைய புருஷனின் அத்தை குடும்பத்தில் இப்படி ஒன்று நடந்திருக்கிறது. விளாத்திகுளத்துக்காரர்கள். பங்குனி உத்திரத்துக்கு, தங்கள் குலசாமி என்று, ஆற்றங்கரையில் இருந்த சாஸ்தா கோயிலுக்கு மாட்டுவண்டி கட்டிப் போய்ப் பொங்கல் வைப்பார்கள், பிள்ளைகளுக்கு மொட்டை போடுவார்கள், காது குத்துவார்கள், ரெண்டு தலைமுறை. பிறகு ஒரு பங்காளிக் கிழவன் எங்கிருந்தோ வந்து, "ஏ மூதிகளா, நம்ம சாஸ்தா இது இல்லடா, நம்மளது அந்தக் காட்டுக்குள்ள இருக்கு" என்றான். போய்ப் பார்த்தால் உடைமரத்துக்குள் ஒரு பீடம், மேலெல்லாம் கரையான். எல்லாரும் பயந்து போனார்கள், வீட்டில் நடந்த கெட்டதையெல்லாம் எடுத்து அதனோடு முடிச்சுப் போட்டார்கள். புதிதாகக் கல்யாணமாகி வந்திருந்த பிச்சம்மாளுக்கு அந்தப் பயம் வரவில்லை. அவளுக்கு அந்தச் சாமியை நினைத்துத்தான் ஒரு மாதிரியாக இருந்தது. வருஷா வருஷம் உத்திரத்தன்று, இந்தா வருவார்கள், இந்தா வருவார்கள் என்று பார்த்துக்கொண்டு இருந்திருக்கும். பக்கத்துக் கோயில் கொட்டுச் சத்தம் அங்கே கேட்டிருக்கும்.

கல்லில் இருந்த தேதிக்கும் ரோட்டன்ஹைம் ஏட்டில் இருந்த தேதிக்கும் நடுவில் விழுந்த அந்தப் பத்து நாள் அப்போதே குத்தியது. பொய் சொல்லக் கூடாது, குத்தியது. வைடன்பாக்கில் முதலில் ஒரு கத்தரீனா வீகாண்ட் அகப்பட்டாள். அப்பன் கொன்ராட், தாய் எலிசபெத். பிறந்தது 1851, பக்கத்தில் சின்னதாக ஒரு சிலுவை, 53 என்று போட்டிருந்தது. சிலுவை போட்டால் பிள்ளை செத்துவிட்டது என்று மார்லீன் முன்னமே சொல்லிக் கொடுத்திருந்தாள். சரி, இந்த வீட்டுக் கத்தரீனா செத்துப்போனாள், இந்த வீடு இல்லை என்று அந்த ஊரையே மூடி வைத்தாள். அதற்குப் பிறகுதான் ரோட்டன்ஹைம் வந்தது, அங்கே ஒரு கத்தரீனா, 1854, மார்ச். ஆனால் பதிமூணாம் தேதி. கல்லில் மூணு. மார்லீன் எழுந்து நின்று கையைத் தட்டிவிட்டாள், ஹெய்டிக்கு போன் போட்டுவிட்டாள், "அது ஞானஸ்நானம் குடுத்த தேதியா இருக்கும்மா" என்றான் கதிரேசன், பிச்சம்மாளும் இருக்கும் என்றாள். எப்படி இருக்கும் என்றாள்? நூத்துப் பதினாலு பிள்ளைக்கு நூத்துப் பதிமூணு முட்டை வந்தால் வண்டிக்காரனை நகரவிடாத பிச்சம்மாள், பத்து நாளை எப்படி வாயைப் பொத்திக்கொண்டு விழுங்கினாள்? எதிரில் ஒருத்தி அழுதுகொண்டு நின்றாள், அதுதான். இன்று காலையில், ரெண்டு ஊரிலும் தேதியை எப்படி எழுதுகிறார்கள் என்று ஒத்துப் பார்க்கலாம் என்றுதான் வைடன்பாக்கைத் திறந்தாள். ரெண்டு பக்கம் தள்ளினாள். 1854, மார்ச் மூணு. அப்பன் கொன்ராட் வீகாண்ட். தாய் எலிசபெத். பிள்ளை, கத்தரீனா. செத்த பிள்ளையை ஏன் திரும்ப எழுதுகிறான், எழுதினவனுக்குப் புத்தி பிசகிவிட்டதா என்றுதான் முதலில் தோன்றியது. பிறகு ஓரத்தில் இருந்ததைப் பார்த்தாள். வேறொரு மையில், வேறொரு கையில், அமெரிக்கா என்று எழுதி 1871 என்று போட்டிருந்தது. அந்த ஒரு வார்த்தையை யாரும் அவளுக்கு வாசித்துக் காட்ட வேண்டியதில்லை. முன்னும் பின்னும் தள்ளி அந்த வீட்டில் பிறந்ததையெல்லாம், சிலுவை போட்டதையும், பெயர் பெயராகப் பார்த்து எண்ணினாள். செத்த பிள்ளையின் பெயரை எடுத்து அடுத்துப் பிறந்த பிள்ளைக்கு வைத்திருக்கிறார்கள்! எந்த ஊரிலாவது உண்டா, இந்தக் கூத்து? எந்தத் தாயாவது வைப்பாளா? அந்தப் பிள்ளை வந்து இந்தப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்விடாதா? அவள் அடுத்த பக்கத்தைத் தள்ளிப் பார்க்காமல் விட்டதற்கு அதுதான் காரணம், கள்ளத்தனம் இல்லை, சோம்பல் இல்லை, அப்படி ஒன்று இருக்கும் என்றே அவளுக்குத் தோன்றவில்லை. ஆனால் அதை யாரிடம் போய் எந்த இங்கிலீஷில் சொல்ல? டேப்லெட்டும் கையுமாக நின்றவளை, அதற்குள் வந்துவிட்ட மார்லீன், புது ஷூவும் சுருட்டிவிட்ட தலைமுடியுமாக ஓடி வந்து கட்டிக்கொண்டாள். "எல்லாம் உன்னாலே, பிச்சா." பவுடர் வாசனை. கதிரேசன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, "நேரமாச்சு, நேரமாச்சு" என்று கத்தினான்.

ரோட்டோரக் கடையில் கார் நின்றது. பெட்ரோல் போடுகிற இடத்தோடு ஒரு காப்பிக் கடை. மார்லீன் பாத்ரூமுக்குப் போனாள், கதவைத் தள்ளி உள்ளே போகிறவரைக்கும் பிச்சம்மாள் பார்த்துக்கொண்டிருந்தாள், அந்தச் சட்டை உள்ளே போய்க் கதவும் மூடின பிறகு, "ஏய்யா கதிரு" என்றாள். "நீயும் போயிட்டு வந்துரும்மா, இனிமே நிக்க மாட்டேன்." "அது இல்லய்யா. மதினி போற ஊரு தப்பு." அவன் காப்பிக்குச் சர்க்கரையைக் கிழித்துக்கொண்டிருந்தான். "எது தப்பு?" அவள் சொன்னாள். ஒன்று விடாமல், தேதியோடு சொன்னாள். சொல்லச் சொல்ல அவன் முகம் சின்ன வயதில் பரீட்சைப் பேப்பரை மறைத்து வைத்திருந்தபோது இருந்த மாதிரி ஆனது. "எம்மா, நீ வேற. நூத்தம்பது வருசமாச்சு. அங்க போனா ரேஷன் கார்டா கேக்கப் போறான்? அதுவும் ஜெர்மனி, இதுவும் ஜெர்மனி. அங்கயும் வீகாண்ட் இருக்கான். போய் ஒரு வாரம் கேக் தின்னுட்டு, போட்டோ எடுத்துட்டு, சந்தோசமா வரட்டும்." "வேற வீட்டுப் பந்தியில உக்காந்து சாப்பிடுததுக்கு இம்புட்டு கடலைத் தாண்டிப் போகணுமா?" "தப்புன்னு அவங்களுக்குத் தெரிஞ்சாத்தான தப்பு?" "எனக்குத் தெரியுதே." "ஒனக்குத்தான தெரியுது, ஒனக்குள்ள வச்சுக்கோ." பிறகு அவன் குரலைத் தணித்துக்கொண்டான். "அவங்களுக்கு டிசம்பர்ல இருதய வால்வு ஆபரேஷன் இருக்கு. டாக்டர் எவ்வளவு யோசிச்சு இந்தப் பயணத்துக்குச் சரின்னாருன்னு ஒனக்குத் தெரியும்ல? இப்ப போயி அதைச் சொல்லி, கார்ல வச்சு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா ஹெய்டி மொகத்துல நான் எப்படி முழிப்பேன்? ஆபரேஷன் நல்லபடியா முடியட்டும், பொறவு சொல்லுவோம்." "முடிஞ்சதும் திரும்பப் போக விடுவாகளா?" அவன் காப்பியைக் கலக்கினான். "முடியலைன்னா?" என்று கேட்க நினைத்தாள், அதைக் கேட்கவில்லை, நல்ல காரியத்துக்குப் போகிற வழியில் அது என்ன பேச்சு. மார்லீன் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள், வந்தவள் இவளுக்கென்று ஒரு சாக்லேட் வாங்கி வந்திருந்தாள், முந்திரி போட்டது, இவளுக்குப் பிடிக்கும் என்று தெரியும்.

சாக்லேட் உள்ளங்கையில் இளகிக்கொண்டிருந்தது. காகிதத்தைப் பிரிக்கவில்லை. இவன் சொல்வதும் நியாயம்தான். சொன்னால் அந்த இடத்திலேயே மார்லீன் நெஞ்சைப் பிடித்துக்கொள்வாள், வேகமாகப் போகிற காரில், நிறுத்த இடம் இல்லாத ரோட்டில். சொல்லாவிட்டால் நல்லபடியாகப் போய் வருவாள். யாருக்கு என்ன நஷ்டம்? கத்தரீனா செத்து எத்தனையோ வருஷமாகிவிட்டது, அவள் வந்து கேட்கப் போவதில்லை. வைடன்பாக்கில் யாரும் அட்டை பிடித்து நிற்கப் போவதில்லை. நிற்க ஆள் இல்லை என்பதுதான் அவளுக்கு ஆறவில்லை. அந்த எலிசபெத். பெற்றவள். அவளை நினைக்க வேண்டாம் என்றால் அவள்தான் வருகிறாள். முகம் கிடையாது, தலையில் ஒரு துணி, கை மட்டும் நன்றாகத் தெரிகிறது, மாவு பட்ட கை. ரெண்டு வயதுப் பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்து, வருஷம் திரும்புவதற்குள் இன்னொன்று வயிற்றில் வந்து, அதுவும் பொட்டப் பிள்ளையாகப் பிறந்து, கத்தரீனா என்று முதல் தடவை கூப்பிடும்போது அவளுக்கு நாக்கு எப்படி எழும்பியிருக்கும்? வாசலில் நின்று கூப்பிட்டால் யார் ஓடி வருவதாக நினைத்துக்கொண்டு கூப்பிட்டாள்? பிச்சம்மாளின் அம்மா அப்படி இல்லை. பிச்சம்மாளுக்கு முன்னால் மூணு, மூணும் தங்கவில்லை. நாலாவதாக இவள் பிறந்ததும் கொண்டுபோய்க் குப்பையில் போட்டார்கள், எதிர்வீட்டுக்காரி எடுத்து, உழக்குத் தவிட்டுக்கு அம்மாவிடமே விற்றாள், பிச்சை வாங்கின பிள்ளை என்று பெயர் வைத்தார்கள், அப்படி வைத்தால் எமனுக்கு அருவருப்பாக இருக்கும், விட்டுவிட்டுப் போவான். அதற்கு முன்னால் போன மூணு பிள்ளைகளின் பெயரை அம்மா ஒரு நாளும் சொன்னது கிடையாது. மூத்தவள் பெயர் செண்பகம் என்று பெரியம்மா சொல்லித்தான் தெரியும். கடைசிவரைக்கும் அம்மா அந்தப் பூவைக்கூட பெயர் சொல்லிக் கேட்டதில்லை, பூக்காரியிடம் கையை நீட்டி, அந்த மஞ்சப் பூவைக் குடு என்பாள். சொல்லாமல் இருந்தால்தான் இருக்கிற பிள்ளை நிலைக்கும். அது ஒரு பிடி. இந்த எலிசபெத் அதற்கு நேர் எதிராகப் பெயரை விடமாட்டேன் என்று பிடித்துக்கொண்டிருக்கிறாள், போனால் போகட்டும், பெயராவது வீட்டுக்குள் இருக்கட்டும் என்று. அவளுக்குப் பயமே இல்லையா? இருந்திருக்கும். ராத்திரி எழுந்து பிள்ளையின் மூக்கில் விரலை வைத்துப் பார்த்திருப்பாள். அந்தப் பிள்ளையும் பதினேழு வயதில் கப்பலேறிப் போய்விட்டது. போனது போனதுதான். ரெண்டு கத்தரீனாவும் போயாச்சு. இத்தனை வருஷத்துக்குப் பிறகு அந்த வயிற்றில் வந்த ஒருத்தி விமானத்தில் போகிறாள், அவளையும் பிச்சம்மாள் வேறு ஊருக்கு அனுப்பிவிட்டாள். தலைக்கு மேலே ஒரு விமானம் இறங்கியது, சக்கரமெல்லாம் தெரிந்தது. வந்துவிட்டது. இவ்வளவு சீக்கிரம் எப்படி வந்தது? மார்லீன் அண்ணாந்து பார்த்துக் குழந்தை மாதிரி ஓ என்றாள்.

புறப்படுகிறவர்கள் இறங்குகிற வாசலில் வண்டிக்குப் பின்னால் வண்டியாக நின்றது. மஞ்சள் சட்டை போட்ட ஒருத்தி விசில் ஊதி, கையை வீசி, நகருங்கள் நகருங்கள் என்று விரட்டிக்கொண்டிருந்தாள். கதிரேசன் பெட்டியை இறக்கினான். மார்லீன் அவனைக் கட்டிப்பிடித்துவிட்டு இவளிடம் வந்தாள். பிச்சம்மாள் அவள் ரெண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். சாக்லேட் பிசுபிசுத்தது. "கதிரு, சொல்லுய்யா." "என்னத்தைச் சொல்ல?" "ஊரு தப்புன்னு சொல்லு." அவன் ஒரு நொடி இவளைப் பார்த்தான், பிறகு மார்லீன் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டே இங்கிலீஷில் என்னவோ சொன்னான். மெடிசின் என்று ஒரு வார்த்தை வந்தது, டைம் என்று ஒன்று வந்தது. வில்லேஜ் வரவில்லை. வந்து ஒரு வருஷமாகிறது, அது தெரியாதா இவளுக்கு. "கட்டாயம் சாப்பிடுவேன், பிச்சா" என்று மார்லீன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். விசில் அவர்களுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. சொல்லித் தொலை, இல்லையென்றால் கையை விடு. கை விடவில்லை.

"மதினி" என்றாள் பிச்சம்மாள். "ராங். ரோட்டன்ஹைம் ராங். ஐ... மிஸ்டேக்."

மார்லீன் சிரித்தபடியே கதிரேசனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான். அவள் சிரிப்பு அப்படியே நின்று, பிறகு ஒவ்வொரு பக்கமாக இறங்கியது. "என்ன சொல்கிறாள்?" என்றாள் அவனிடம். வேறு வழியில்லாமல் அவன் சொன்னான். இந்தத் தடவை வில்லேஜ் வந்தது, வைடன்பாக் வந்தது, ரெண்டு கத்தரீனாவும் வந்தார்கள். மார்லீன் கேட்டு முடித்துவிட்டு, இவள் பிடியிலிருந்து கையை மெதுவாக உருவிக்கொண்டாள். நெஞ்சைப் பிடிக்கவில்லை. முகம் மட்டும் கல் மாதிரி ஆகிவிட்டது.

"எப்போது தெரியும் உனக்கு?"

"மார்னிங்."

"ரெண்டு மணி நேரம் என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து வந்தாய்."

அது கதிரேசன் சொல்லாமலே புரிந்தது. மார்லீன் பெட்டியின் பிடியை இழுத்தாள், அது ஒரு தரம் சிக்கி, பிறகு வந்தது. கண்ணாடிக் கதவு திறந்தது, மூடியது. திரும்பிப் பார்க்கவில்லை. மஞ்சள் சட்டைக்காரி காரின் கூரையைத் தட்டினாள்.

கார் கிளம்பியது. பிச்சம்மாள் முன்சீட்டுக்கு மாறியிருந்தாள், சீட்டில் மார்லீன் உட்கார்ந்திருந்த சூடு இன்னும் இருந்தது. "போதுமா? இப்ப ஒனக்கு நிம்மதியா?" என்றான் கதிரேசன். நிம்மதி எங்கே இருக்கிறது? உள்ளே தனியாக நிற்பாள். வரிசையில் நிற்கும்போது தலை சுற்றும். ஊர் தெரியாமல், பாஷை தெரியாமல், எந்த வண்டியில் ஏறுவது, அந்த முப்பது பேரிடம் என்னவென்று சொல்லுவாள், சட்டையைக் கழற்றவா முடியும்? இல்லை, போகவே மாட்டாள், அப்படியே ஒரு பெஞ்சில் உட்கார்ந்துவிடுவாள். "வண்டியைத் திருப்புய்யா" என்றாள். "திருப்பி? உள்ள விட மாட்டான்." "வாசல்ல நிப்போம்." "எம்மா, கொஞ்ச நேரம் பேசாம வர்றியா?" அப்போது காருக்குள் போன் மணி அடித்தது. கண்ணாடிக்குக் கீழே இருந்த திரையில் மார்லீன் என்று வந்தது. ஆஸ்பத்திரிக்காரர்கள்தான் அவள் போனிலிருந்து பேசுகிறார்கள் என்று பிச்சம்மாளுக்குத் தோன்றியது. கதிரேசன் பொத்தானை அமுக்கினான். நூறு பேர் பேசுகிற இரைச்சல், பெட்டிகள் உருளுகிற சத்தம், அதற்குள்ளிருந்து மார்லீன் குரல், கோபம் போகாத குரல்.

"என்ன சொல்லுதாக?"

"ரோட்டன்ஹைம்ல ஒரு நாள் இருந்து அந்த ஆளுங்க கேக்கைச் சாப்பிட்டுட்டு, மறுநாள் வைடன்பாக்குக்கு ரயில் பிடிக்கிறாங்களாம். கத்தரீனான்னு கேட்டா அங்க யாரையாவது காட்டிருவாங்க, பெத்தவ பேரைச் சொல்லுங்கிறாங்க."

"எலிசபெத்." அவள் திரையைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள். "எலிசபெத், மதினி. அப்பா கொன்ராட்."

அந்தப் பக்கம் எலிசபெத், கொன்ராட் என்று வாய்க்குள் சொல்லிப் பார்க்கிற சத்தம். பிறகு இன்னொரு கேள்வி.

"மொத்தம் எத்தனை பிள்ளைங்கன்னு கேக்குறாங்க."

"பொறந்தது எட்டு. தங்குனது மூணு. காலையிலதான் எண்ணுனேன்."

கதிரேசன் சொன்னான். இரைச்சல் மட்டும் வந்துகொண்டிருந்தது. யாரோ ஒருத்தன் ஷூவைக் கழற்றச் சொல்லிக் கத்தினான். போன் நின்றுவிட்டதா என்று பிச்சம்மாள் திரையை உற்றுப் பார்த்தாள். நிற்கவில்லை. மார்லீன் தாழ்ந்த குரலில் ஒன்று கேட்டாள், கேட்டுவிட்டு அவனை அவசரப்படுத்தவில்லை.

"செத்துப்போன அந்த அஞ்சும் அங்கதான இருக்கும்ங்கிறாங்க. அதுங்க பேரைச் சொல்லுவியாம். ஒவ்வொண்ணா. எழுத வசதியில்லையாம், கேட்டு மனசுல வச்சுக்குவாங்களாம்."

செத்த பிள்ளைகளின் பெயரைப் பிச்சம்மாளின் அம்மா ஒரு நாளும் வாயில் எடுத்ததில்லை. முன்னால் போன வண்டியின் சிவப்பு விளக்கு எரிந்தது, கதிரேசன் பிரேக் போட்டான், அவள் ஒரு கையால் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டாள். ஓட்டுகிற மகனை ஒரு தரம் பார்த்தாள். பிறகு சொன்னாள்.

"மூத்தது கத்தரீனா. ரெண்டு வயசு."

மார்லீன் அதைத் திருப்பிச் சொன்னாள்.

"அடுத்தது?"